போத்தல் மாலை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் மீன்கடைச் சந்துக்குள் திரும்பினால் கல் முத்துலிங்கத்தின் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பலகை மாட்டுகிறவன், ஊருக்குத் தன்னைத் தெரியாது என்று தானே ஒப்புக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. பலகைக்குப் பதிலாக மேசைக்கு மேலே ஒரு செப்புக் கம்பி மாலைபோல் வளைந்து தொங்கும். அதில் கட்டியிருப்பதெல்லாம் கண்ணாடிச் சில்லு. மருந்துப் போத்தலின் நீலம், சாராயப் போத்தலின் மண்ணிறம், சோடாப் போத்தலின் பச்சை, உடைந்த வளையலின் சிவப்பு. மாணிக்கம் என்று நம்பி, சேலை முந்தியிலும் மடியிலும் முடிந்துகொண்டு, மலைமலையாக இறங்கி வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன சில்லுகள். கொடுத்துவிட்டு என்று மரியாதைக்குச் சொல்வது. போத்தல் என்று முத்துலிங்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அந்தச் சில்லு அவருடையது. ஒரு கம்பி முறுக்கு, மாலையில் ஒரு பூ. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கைப்பிரம்பால் தொட்டுக் காட்டி, எது யார் கொண்டுவந்தது என்று கதை சொல்லுவார். கடையில் எப்போதும் நாலுபேர் கூடியிருப்பது கல் வாங்க இல்லை, அந்தக் கதை கேட்கத்தான்.

அம்மாக்கண்ணு என்று தேயிலை பறிக்கிற ஒரு கொழுந்துக்காரி ஒருநாள் ஒரு நீலத் துண்டோடு வந்தாள். ஓடையில் கால் கழுவும்போது கிடைத்ததாம். முத்துலிங்கம் அதன்மேல் வாயால் ஆவி ஊதினார். நல்ல கல் என்றால் ஆவி படிந்த வேகத்தில் கலைந்து போகும். போத்தலில் படிந்த ஆவி, சம்பந்தி வீட்டுக்கு வந்தவன்போல எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தது. உதட்டில் வைத்துப் பார்த்தார். கல் என்றால் விடிகாலையில் மலைப் பீலியில் கொட்டும் தண்ணீர்போல் சில்லென்று சுட வேண்டும். இது உடனே வெதுவெதுத்தது.

"ஆத்தா, இது பெரிய எடத்துக் கல்லு," என்றார்.

அம்மாக்கண்ணு கைகூப்பினாள். "நெசமாவாங்க ஐயா?"

"நெசந்தான். வயித்துவலி மருந்துப் போத்தல் குடும்பம். நல்ல வம்சம்."

கடை முழுக்கச் சிரித்தது. அம்மாக்கண்ணு அன்றைக்கு நடந்தே ஊர் திரும்பினாள். பஸ்ஸில் ஏறினால் அதற்குள் கண்டக்டருக்கும் கதை போயிருக்கும்.

இப்படிச் சிரிக்க முத்துலிங்கத்துக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வட்டவளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பன் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மலையை அரிக்காமல் தேயிலை வரிசைக்கு நடுவே வாய்க்கால் வெட்டுவதுதான் அந்த வேலை. பையன் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கன்னத்தில் ஓர் அறை விட்டார். காரணம் இன்றுவரை தெரியாது. பையன் அழவில்லை. அப்படியே திரும்பி, மலை ஏறி, இறங்கி, பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக் குழி ஒன்றில் போய் நின்றான். பிளேன்டித் தேத்தண்ணிக் கோப்பை கழுவினான். பிறகு சேறு சுமந்தான். பிறகு கூடையில் சரளை அலசினான். படித்தவன் கருவி வைத்துப் பார்ப்பான். வயிறு காய்ந்தவனுக்குக் கையே கருவி. கொஞ்ச வருஷத்தில் அவன் உள்ளங்கை தராசாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தே இது நீலம், இது வெறும் பளிங்கு என்று பிரித்துவிடுவான். புஷ்பராகம் விரலுக்குள் மீன்போல வழுக்கும். நீலக்கல்லை ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நீலம், திருப்பிப் பார்த்தால் வேறு நீலம். போத்தலுக்கு எந்தப் பக்கமும் ஒரே முகம், உள்ளே காற்றுக்குமிழ் வேறு.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பச்சைக் கல். குழிக்காரர்கள் உதவாத பச்சை என்று ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் குடிசையில் குப்பி விளக்குப் பக்கத்தில் அது கிடந்தபோது, கோப்பை கழுவ வந்து இளவட்டமாகியிருந்த முத்துலிங்கம் பார்த்தான். கல் செக்கச் செவேலென்று கிடந்தது. பகலில் இலைப் பச்சை, விளக்கடியில் மாதுளை. வியாபாரிகள் அதை அலெக்ஸ் என்பார்கள். பூமியில் அகப்படுவதே அபூர்வம். அன்றைக்குக் குழி முதலாளி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அதற்குப் பிறகு முத்துலிங்கம் யார் காலடியிலும் உட்காரவில்லை.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். கடை வாடகைக் கடை. வீடு சாதாரண வீடு. அவருக்குச் சொத்து என்றால் ஒரே சொத்து, சொல். முத்துலிங்கம் சொன்னால் சொன்னதுதான். அந்தச் சொல் இதுவரைக்கும் ஒரு தடவைகூட மாறியதில்லை. ஒரு தடவை மாறினால் போதும், அந்த மாலையில் கட்டப்பட்ட அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டு சந்துக்குள் வருவார்கள். இது அவருக்குத் தெரியும். தூக்கத்திலும் தெரியும்.

அந்தச் சொல்லை நம்பித்தான் சிப்னாஸ் முதலாளி கொழும்பிலிருந்து வந்து கல் வாங்கிப் போவார். வாப்பா விட்டுப்போன வியாபாரம். சிப்னாஸுக்குக் கல் பிடிக்கத் தெரியாது, கல் தெரிந்த ஆளைப் பிடிக்கத் தெரியும். கடையின் பழைய மஞ்சள் குண்டு பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு எல்ஈடி பல்பு மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். "பாருங்க முத்துலிங்கம் அண்ணன், பட்டப்பகல் மாதிரி ஈக்குது. கரண்ட் பில்லும் பாதி," என்றார். உண்மைதான். பட்டப்பகல் மாதிரிதான் இருந்தது.

அந்த பல்பு மாட்டிய பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், தம்பி கஜேந்திரன் கடைக்கு வந்தான்.

கஜேந்திரன் தோட்டத்திலேயே நின்றுவிட்டவன். அப்பன் வெட்டிய அதே கானை வெட்டுகிறவன், சில நாள் தேயிலைச் செடிக்குப் பூச்சி மருந்துத் தண்ணி அடிக்கிறவன். அப்பனையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்ததும் அவன்தான். அண்ணன் அம்மாவின் சாவுக்கு வந்ததோடு சரி. தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நனைந்து நின்றவனை முத்துலிங்கம் முதலில் பார்க்காததுபோல் இருந்தார். உள்ளே சிப்னாஸ் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமான நாலுபேரும் இருந்தார்கள்.

"அண்ணே."

"சாக்க வெளிய வச்சிட்டு வாடா. இது கொழுந்து நிறுக்கிற மடுவம் இல்ல."

கஜேந்திரன் இடுப்பிலிருந்து ஒரு வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தான். கான் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டதாம். தோட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லையாம். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் கல்.

முத்துலிங்கம் கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. உதட்டில் வைத்தார். சில்லென்றது. ஆவி ஊதினார். கண் இமைப்பதற்குள் போய்விட்டது. மேசையில் கிடந்த பளிங்குத் துண்டில் ஒரு இழுப்பு இழுத்தார். பளிங்கில் கோடு விழுந்தது, பச்சையில் ஒன்றும் விழவில்லை. லென்சுக்குள் வைத்தார். குமிழ் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து நடுவரைக்கும் கோழியிறகுபோல ஒரு வெடிப்பு மட்டும் ஓடியது. அசல் கல். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"பச்சைக் கல்லு. வெடிப்பு இருக்கு. பெருசா ஒண்ணும் தேறாது," என்று மேசையில் வைத்தார்.

"இல்லண்ணே. இது செவக்குது."

முத்துலிங்கத்தின் கை நின்றது. "என்னது?"

"சாமி வெளக்குக்கு முன்னாடி வச்சோம். ரெத்தமாச் செவந்துருச்சு. காலையில பாத்தா திரும்பப் பச்சை. நாகலெட்சுமி பயந்துபோய் கல்பூரம் காட்டுனா."

நாலுபேரில் ஒருவர் தேத்தண்ணியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. பச்சை சிவந்தால் அது என்ன என்று அவரைவிடத் தெரிந்தவன் அந்த மலைநாட்டில் இல்லை. எழுந்தார். கடைக் கதவைச் சாத்தினார். பகல் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட வராமல் கதவிடுக்கில் ஒரு சாக்கைச் சொருகினார். பல்பைப் போட்டார். கல்லை அதற்கடியில் நீட்டினார். பச்சை. திருப்பினார். பச்சை. கைக்கெட்டும் தூரத்துக்கு பல்பை இறக்கிப் பார்த்தார். புல்லைவிடப் பச்சை.

இதில் அவர் மேல் குற்றம் இல்லை. தெரிந்த வழியில் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார்.

"வெளக்குலயும் பச்சைதான். போய் வேலையப் பாரு."

கஜேந்திரன் போகவில்லை. "வீட்ல செவந்துச்சுண்ணே. சாமி சத்தியமா."

"ஒம் பொண்டாட்டி காட்டுன கல்பூரப் பொகையில நீயே செவந்துதான் தெரிஞ்சிருப்ப."

"நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்." ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவன் அப்போது நிமிர்ந்து, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னான். "ஒங்களுக்கும் வயசாவுதுல்லண்ணே. கண்ணு முன்ன மாதிரி இருக்குமா?"

நாலுபேரும் முத்துலிங்கத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சிப்னாஸ் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா ஒரு சிரிப்பு. "என்ன முத்துலிங்கம் அண்ணன், தம்பி பரீச்ச வெக்கிறாரு போல?"

அந்தச் சிரிப்பு போதும். நாளைக்குக் கொழும்பில் நாலு கடையில் இதே சிரிப்பு. முத்துலிங்கத்துக்குக் கண் போய்விட்டதாம், தம்பியே சொன்னானாம். முத்துலிங்கம் கல்லைத் திரும்பவும் எடுத்தார். லென்சை வைத்தார். ரொம்ப நேரம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான்தான் தம்பியாச்சேன்னு பாத்தேன் மொதலாளி," என்றார் சிப்னாஸைப் பார்த்து. "சபையில சொல்லி அவன அவமானப்படுத்த வேணாம்னு கல்லுன்னு சொன்னேன். இது கல்லே இல்ல. போத்தல்."

கஜேந்திரனின் முகம் செத்தது. "போத்தலா?"

"சோடாப் போத்தல். அடிப்பாகம்."

"எப்படிண்ணே? இம்புட்டுக் கனமா?"

"சந்தேகமா? சரி. அசலுக்கு அடி தாங்குற சக்தி இருக்கு, தெரியும்ல? சுத்தியலே நசுங்கும், கல்லு நசுங்காது. அப்பா சொல்லல?"

அப்பா சொல்லியிருந்தார். தோட்டத்துக்குத் தோட்டம் எல்லா அப்பன்களும் சொல்வதுதான். அசல் மாணிக்கத்தைச் சுத்தியலால் அடித்தால் சுத்தியலில் குழி விழும் என்று. சுத்தப் பொய். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரம் எதைக் கீறினாலும் கீறும், ஆனால் ஓங்கி அடித்தால் அதுவும் பொடிதான். இந்த ஒரு பேச்சை நம்பி மலைநாட்டில் எத்தனையோ நல்ல கல் அம்மிமேல் உயிரை விட்டிருக்கிறது. முத்துலிங்கத்துக்கு இது தெரியும். தெரிந்தேதான் மேசைக்கடியிலிருந்து சுத்தியலை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

தராசுக்கு வைக்கும் ஒரு கிலோ இரும்புப் படியைத் தரையில் வைத்தார். கல்லை அதன்மேல் வைத்தது அவர் கைதான். கோழியிறகு வெடிப்பு நேர் மேலே வரும்படி, ரெண்டு தடவை திருப்பி, சரிபார்த்து வைத்தார்.

"அடி. ஒங் கல்லு ஜெயிச்சா, இந்த மாலைய என் கழுத்துல போட்டுக்கிட்டு ஹட்டன் டவுனச் சுத்தி வர்றேன்."

கஜேந்திரன் அண்ணனைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். அவன் கல்லை நம்பினான், அதனால்தான் ஓங்கினான். நம்பாதவனாக இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். "முனியாண்டி," என்று கண்ணை மூடிக்கொண்டு இறக்கினான்.

பொரி வெடித்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சுத்தியலின் முகத்தைத் திருப்பிப் பார்த்தான் கஜேந்திரன். குழி இல்லை. சிப்னாஸ்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

"அடேய் கஜேந்திரா," என்றார் நாலுபேரில் ஒருவர், "ரெண்டாப் போயிருந்தா ஆளுக்கொண்ணு தோடு பண்ணியிருக்கலாம். நீ மூக்குப்பொடியால்ல ஆக்கிட்ட!"

கஜேந்திரன் மண்டிபோட்டுச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். விரலில் ரத்தம் வந்தது. முத்துலிங்கம் குனிந்து இருப்பதிலேயே பெரிய சில்லை அவனுக்கு முன்னால் எடுத்துக்கொண்டார். கம்பி முறுக்கினார். மாலையில் கட்டினார்.

"மிச்சத்த நல்லாக் கூட்டி அள்ளிட்டுப் போடா. வர்றவங்க கால்ல குத்தும்."

அவன் கூட்டி அள்ளிக்கொண்டுதான் போனான்.

அடுத்த வாரத்துக்குள் பெயர் மாறிவிட்டது. பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது "போத்தல்!" என்பார். கஜேந்திரன் "ஐயா" என்று கை தூக்குவான். கொழுந்துக்காரிகள் வெறும் போத்தலைக் காட்டி, "ஏங்க, ஒங்க சொந்தக்காரரு இங்க கெடக்காரு," என்பார்கள். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவான். முத்துலிங்கத்துக்கு இந்தச் செய்தியெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு செய்தியும் அவர் சொல்லுக்கு இன்னொரு ஆணி. ஆனாலும் பொய் சொன்னோமே என்று அவருக்கு ஓர் உறுத்தல் உண்டு. அசல் கல்லைப் போத்தல் என்றது அது முதல் தடவை. உதவாத பச்சைதானே, போனால் போகிறது என்று அதையும் விழுங்கிவிட்டார்.

பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. மின்சாரம் நினைத்த நேரத்துக்குப் போகும். ஒரு சாயங்காலம், கடையைச் சாத்துகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பல்பு அணைந்தது. சிப்னாஸ் வருவதாகச் சொல்லியிருந்ததால் முத்துலிங்கம் சாத்தவில்லை. மெழுகுதிரி ஒன்றைப் பற்றவைத்து மேசையில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

மாலையில் நீலம் நீலமாக இருந்தது. மண்ணிறம் மண்ணிறமாக இருந்தது. சோடாப் பச்சைகள் பச்சையாகவே இருந்தன. தம்பியின் பெயரில் கட்டிய சில்லு மட்டும் மாதுளை முத்தாகச் சிவந்து கிடந்தது.

முத்துலிங்கம் மெழுகுதிரியைத் தூக்கிப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னும் சிவந்தது. குப்பி விளக்கடியில் பார்த்த அதே சிவப்பு, அவருக்குச் சோறு போட்ட சிவப்பு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குப்பி விளக்கும் குண்டு பல்பும் மெழுகுதிரியும் மஞ்சள் நெருப்பு. சிப்னாஸ் மாட்டிய பல்பு வெள்ளை, பட்டப்பகல் மாதிரி. அப்படியென்றால் அன்றைக்கு அவர் கதவைச் சாத்திவிட்டு, பகலிலேயே வைத்துத்தான் கல்லைப் பார்த்திருக்கிறார்.

நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கல்லை இரண்டாவது தடவையாகத் தொட்டிருக்கிறார். முதல் தடவை அவரைத் தூக்கிவிட்டது. இரண்டாவதைத் தன் கையாலேயே வெடிப்புப் பார்த்துத் திருப்பி வைத்துக் கொன்றிருக்கிறார். அந்த நிமிஷத்தில் அவர் நினைத்தது தம்பியை இல்லை. கல்லைக்கூட இல்லை. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அதைத்தான் நினைத்தார்.

ஊதி அணைத்தார்.

"என்ன அண்ணன், இருட்டுல ஈக்கிறீங்க?" சிப்னாஸ் வாசலில்.

"மெழுகுதிரிப் பொக ஒத்துக்கல மொதலாளி. இருமுது."

சிப்னாஸ் கைப்பேசி டோர்ச்சை அடித்தார். வெள்ளை வெளிச்சம் மாலையில் விழுந்தது. சில்லு பச்சை. "இந்தா ஈக்குது தம்பிட மாணிக்கம்," என்று சிப்னாஸ் அதை விரலால் சுண்டிவிட்டார். அது ஆடியது. முத்துலிங்கமும் சிரித்தார்.

அவர் போன பிறகு முத்துலிங்கம் சில்லை அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டார். சோடாப் போத்தல் ஒன்றை மூலையில் தட்டி, ஏறக்குறைய அதே அளவில் ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் கட்டினார். ஆனால் மிச்சச் சில்லுகள் தம்பி வீட்டில் இருந்தன. ஊர் முழுக்க மெழுகுதிரியும் எண்ணெய் விளக்குமாக இருந்த காலம். என்றைக்காவது ஒருநாள் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் போகாது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வட்டவளையில் இறங்கினார். லயத்துக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்கியது. முன்திண்ணை இஸ்தோப்பில் விறகு பிளந்துகொண்டிருந்த கஜேந்திரன், அண்ணனைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"அண்ணே! நாகலெட்சுமி, யாரு வந்திருக்காங்கன்னு பாரு!"

அம்மா சாவுக்குப் பிறகு அண்ணன் படியேறியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஓடிப்போய்க் கோழி வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல பாயை எடுத்து விரித்தான். அதோடு நின்றிருந்தால் முத்துலிங்கத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் அண்ணனின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கு மொதலாளி முன்னாடி வாய் தவறிப் பேசிட்டேன்ணே. ஒங்க கண்ணப் பத்தி நான் பேசலாமா? மனசுல வச்சிக்காதீங்க," என்றான்.

"சின்னப்பய, ஒனக்கென்ன தெரியும்," என்றார் முத்துலிங்கம். "விடு."

நாகலெட்சுமி கோழியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். கறியைக் கொதிக்கவிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். கரண்ட் இல்லாத காம்பராவில் அந்தச் சுடர் ஒன்றுதான் வெளிச்சம். படத்துக்கு முன்னால் விபூதித் தட்டில் சில்லுகள் குவிந்திருந்தன. சுடர் நிமிர்ந்ததும் தட்டு முழுக்கத் தணல் அள்ளிப் போட்டதுபோல் ஆனது.

"மச்சான்," என்றாள் அவள் முத்துலிங்கத்தைப் பார்த்து. "இப்பப் பாருங்க. இப்பச் சொல்லுங்க."

கஜேந்திரன் தட்டை எடுத்து அண்ணன் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டினான். அவன் குரலில் ஆத்திரம் இல்லை, நப்பாசை கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்பதுபோல் கேட்டான். "செவக்குதாண்ணே?"

ஒரு சொல் போதும். ஆமாம் என்றால் போதும். கல் திரும்பி வராது, ஆனால் போத்தல் என்ற பெயர் போய்விடும். பெரட்டில் இவன் பெயர் கஜேந்திரன் ஆகிவிடும். ஆனால் அந்தச் சொல் இந்தக் காம்பராவோடு நிற்குமா? லயத்துச் சுவருக்குக் காது மட்டுமா, வாயும் உண்டு. முத்துலிங்கம் தட்டுக்குள் பார்த்தார். அந்தச் சிவப்பு அவர் கண்ணுக்குள் ஏறியது.

"பச்சையா இருக்குடா," என்றார்.

நாகலெட்சுமி திரும்பினாள். "என்னங்க மச்சான் சொல்றீங்க? எனக்கும் செவப்பாத்தான தெரியுது?"

"ஒனக்கும் தெரியுதா? அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறு. அவன் மருந்துத் தண்ணி அடிக்கிறான். அந்தச் சட்டைய நீதான தொவைக்கிற. மருந்து கண்ணுக்குள்ள எறங்கியிருக்கு." தம்பியின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, வைத்தியர்போல் கண்ணைப் பார்த்தார். "எறங்கிருச்சுடா. பச்ச செவப்பாத் தெரிஞ்சா அதுதான் அடையாளம். ஆஸ்பத்திரில காட்டு. விட்டுட்டா முழுசாப் போயிரும்."

கஜேந்திரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பார்த்தான். மற்றக் கண்ணை மூடிப் பார்த்தான். இரண்டிலும் சிவப்பு. "பாத்தியா நாகலெட்சுமி," என்றான் மெதுவாக. "நான் அண்ணனப் போய்க் கண்ணு சரியில்லன்னேன். நமக்குத்தான் போயிருக்கு."

தன் இரண்டு கண்ணையும் மனைவியின் இரண்டு கண்ணையும் விட்டுவிட்டு, அண்ணனுடைய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டான். அப்படி ஒரு சொல்லைச் சம்பாதிக்க முத்துலிங்கத்துக்கு ஓர் ஆயுள் பிடித்திருக்கிறது.

"இத வீட்டுல வச்சிருக்காத. பாக்கப் பாக்க நோய் கூடும்," என்று தட்டை வாங்கி, சில்லுகளைக் கடுதாசியில் கொட்டி மடித்தார்.

நாகலெட்சுமி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க மச்சான் கை நடுங்குது?"

"குளிரு," என்றார் அவர்.

கோழிக்கறி நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஓடைப் பாலத்தில் நின்று பொட்டலத்தை அவிழ்த்தார். மடியிலிருந்த சில்லையும் சேர்த்தார். வெயிலில் எல்லாம் பச்சையாக இருந்தன. தண்ணீரில் விழும்வரைக்கும் பச்சைதான்.

தைப்பொங்கல் முடிந்து கஜேந்திரன் கடைக்கு வந்தான், மூக்கில் புதுக் கண்ணாடியோடு. கண் கிளினிக்கில் டாக்டர் நோய் எதுவும் இல்லை, வயசுக்கு வருகிற வெள்ளெழுத்துத்தான் என்று சொல்லி எழுதிக் கொடுத்ததாம். அவனுக்கு அந்த விளக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. மருந்து அடிக்கும் வேலையை அவனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம், அதற்கு மேல்கூலியாகக் கிடைக்கும் கைக்காசும் போயிற்றாம். கடையில் சிப்னாஸ் இருந்தார், நாலுபேரும் இருந்தார்கள்.

"வாங்க போத்தல்!" என்றார் ஒருவர்.

கஜேந்திரன் கோபப்படவில்லை. நேரே மேசைக்கு வந்தான். மாலையில் தன் பெயரில் கட்டியிருந்த சில்லுக்குப் பக்கத்தில் போய், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினான். முத்துலிங்கத்தின் நெஞ்சு ஒரு துடிப்பு நின்றது. பிறகு, அது தான் மாற்றிக் கட்டிய சோடாச் சில்லு என்பது ஞாபகம் வந்து ஓடியது.

மஞ்சள் நெருப்பு சில்லை நக்கியது. கஜேந்திரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, இப்பச் சரியாத் தெரியுதுண்ணே! பச்சை! சுத்தப் பச்சை!" கடையிலிருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "எங்கண்ணன் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் கேக்கல."

கடை சிரித்தது. சிப்னாஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கஜேந்திரனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் மறுபடியும் குனிந்தான். குச்சி எரிந்து விரலுக்கு வந்துகொண்டிருந்தது.

"கை சுட்டுக்கப் போறடா," என்றார் முத்துலிங்கம். எட்டி, அவரே அதை ஊதி அணைத்தார்.